75 நாள் கணக்கு: பண்ணைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காக கேம்ப் மானியம் கேட்பது எப்படி

செப்டம்பர் கடைசியில் ஒரு மாலை, முதலாண்டில் சேர்ந்திருந்த ஒரு பெண் என் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தாள். சோள மாவு வாங்கிய பை. உள்ளே அவள் அம்மாவின் சம்பளச் சீட்டுகள். சில மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்தன. சிலவற்றில் செர்ரிச் சாறு காய்ந்து பழுப்பாக ஒட்டியிருந்தது. "வீட்டில் எண்ணிப் பார்த்தோம், 60 நாள்தான் வருது" என்றாள். சரி, நாமும் எண்ணுவோம் என்று நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஏப்ரலில் தொடங்கி அஸ்பாரகஸ் 41 நாள். ஜூனில் செர்ரி 19 நாள். அவள் சொன்னது சரிதான், 60. ஆனால் பையின் அடியில் போன வருட அறுவடைச் சீட்டுகள் ஒரு ரப்பர் பேண்டில் சுற்றிக் கிடந்தன. ஆப்பிள், 22 நாள். அதை அவள் சேர்க்கவே இல்லை. இந்த வருடக் கணக்கைத்தான் கேட்பார்கள் என்று நினைத்துவிட்டாள். விதி கேட்பதோ கடந்த 24 மாதத்தில் 75 நாள். 82 நாளோடு அவள் திட்டத்துக்குள் வந்தாள்.

அந்தத் திட்டத்தின் பெயர் கேம்ப், 'காலேஜ் அசிஸ்டன்ஸ் மைக்ரன்ட் புரோகிராம்' என்பதன் சுருக்கம். இடம்பெயரும் பண்ணைத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளின் முதலாண்டுக் கல்லூரிப் படிப்புக்காக அமெரிக்கக் கூட்டாட்சி அரசு கல்லூரிகளுக்குத் தரும் மானியம். நான் வாஷிங்டன் மாநிலத்தில், ஆப்பிளும் செர்ரியும் விளையும் யாகிமா பள்ளத்தாக்குப் பக்கம் இந்த வேலையில் இருப்பவன். அமெரிக்கக் கல்லூரிகளின் மானியப் பிரிவிலும் மாணவர் சேவைப் பிரிவிலும் தமிழர்கள் பலர் இருக்கிறார்கள். தொண்டு நிறுவனங்களின் நிர்வாகக் குழுவிலும் இருக்கிறார்கள். உங்கள் கல்லூரியைச் சுற்றி வயலோ பழத்தோட்டமோ இருந்தால், இந்த மானியத்தைக் கேட்கும் வேலை என்றாவது ஒருநாள் உங்கள் மேசைக்கு வரும். அன்றைக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

திட்டத்தின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளியைப் பாதியில் விட்ட பண்ணைத் தொழிலாளர்களுக்கு உயர்நிலைப் பள்ளிக்குச் சமமான சான்றிதழ் வாங்கித் தரும் ஹெப் திட்டம் 1967-ல் வந்தது. அதன் தங்கை மாதிரி 1972-ல் வந்தது கேம்ப். டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் உள்ள செயின்ட் எட்வர்ட்ஸ் பல்கலைக்கழகம் அந்த முதல் ஆண்டிலேயே தொடங்கிய இடங்களில் ஒன்று. இரண்டுக்கும் சட்ட அடிப்படை 1965-ம் ஆண்டு உயர்கல்விச் சட்டத்தின் 418ஏ பிரிவு. விதிமுறைகள் கூட்டாட்சி விதித் தொகுப்பின் 34-ம் தலைப்பில் 206-ம் பகுதியில் இருக்கின்றன. சில பக்கங்கள்தான். விண்ணப்பம் எழுத உட்காருமுன் அதை முழுதாக ஒருமுறை படித்துவிடுங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லியாக வேண்டும். 2024 நிதியாண்டில் ஹெப், கேம்ப் இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 5.2 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2025-ல் வெளியான அடுத்த நிதியாண்டுக்கான அதிபரின் பட்ஜெட் முன்மொழிவு இரண்டுக்கும் ஒரு டாலர்கூட வேண்டாம் என்றது. அந்த ஆண்டே, நடந்துகொண்டிருந்த பல கல்லூரித் திட்டங்களுக்கு அடுத்த தவணை வராமல் நின்றது. ஊழியர்களை அனுப்பிவிட்டு, சேர்த்த மாணவர்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. எனவே இந்த வருடம் போட்டி உண்டா என்பதை ஃபெடரல் ரெஜிஸ்டர் அரசிதழில் பார்த்துவிட்டுத்தான் கணினியைத் திறக்க வேண்டும். கேம்பின் பட்டியல் எண் 84.149ஏ. அதை வைத்துத் தேடினால் போதும். அறிவிப்பு வராத வருடத்திலும் கீழே சொல்லும் முதல் நான்கு படிகளைச் செய்து வையுங்கள். அறிவிப்பு வந்தால் கையில் கிடைப்பது ஒன்றிரண்டு மாதம்தான். அதற்குள் வயலையும் பள்ளியையும் குடும்பங்களையும் புதிதாகத் தெரிந்துகொள்ள முடியாது.

படி 1: உங்கள் கல்லூரி இதற்குத் தயாரா என்று பாருங்கள்

விண்ணப்பிக்கும் தகுதி உயர்கல்வி நிறுவனங்களுக்கு உண்டு. லாபநோக்கற்ற தனியார் அமைப்பும் கேட்கலாம், ஆனால் ஒரு கல்லூரியோடு சேர்ந்துதான் திட்டத்தை வகுத்து நடத்த வேண்டும். நான்கு வருடப் பல்கலைக்கழகமோ இரண்டு வருட சமுதாயக் கல்லூரியோ, எதுவானாலும் சரி.

தகுதி இருந்தால் மட்டும் போதாது. மாணவர் முழுநேரமாகச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. பகுதிநேர மாணவர்களே அதிகமாக உள்ள சமுதாயக் கல்லூரிகள் இந்த இடத்தில் யோசிக்க வேண்டும். முதலாண்டு மாணவர் முழுநேரம் படிக்க வகுப்புகள் எந்த நேரத்தில் நடக்கின்றன, பேருந்து எத்தனை மணிக்கு நிற்கிறது, வீட்டில் தம்பி தங்கையை யார் பார்த்துக்கொள்வார் என்று ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள். பதிவாளர், நிதியுதவி அலுவலகத் தலைவர், விடுதிப் பொறுப்பாளர் மூவரும் அந்தப் பேச்சில் இருக்கட்டும். பின்னால் விண்ணப்பத்தோடு இணைக்கப்போகும் ஆதரவுக் கடிதங்கள் இந்த மூவரிடமிருந்து வந்தால்தான் எடை. விண்ணப்பத்தைப் படித்து மதிப்பெண் போடும் மதிப்பீட்டாளர், கல்லூரித் தலைவரின் பொதுவான வாழ்த்துக் கடிதத்தை ஒரு பார்வையில் கடந்துபோவார். "வருடத்துக்கு 12 விடுதி அறைகளை விடுமுறைக் காலத்திலும் திறந்து வைக்கிறோம்" என்று விடுதிப் பொறுப்பாளர் எழுதிய நான்கு வரியில் நிற்பார்.

படி 2: யார் உள்ளே வரலாம் என்பதை மனப்பாடமாகத் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. தகுதியுள்ள பிள்ளைகள் பலர் தங்களுக்குத் தகுதியில்லை என்று நினைத்து ஒதுங்குகிறார்கள். அவர்களைச் சேர்க்க வேண்டிய ஊழியர்களும் சமயத்தில் அப்படியே நினைக்கிறார்கள்.

முதல் குழப்பம் பெயரால் வருவது. 'இடம்பெயரும்' என்ற சொல்லைப் பார்த்ததும், ஊர் ஊராகப் போகிற குடும்பம் மட்டும் என்று தோன்றும். விதியில் இரண்டு வகைத் தொழிலாளர் இருக்கிறார்கள். பருவகாலத் தொழிலாளர் என்பவர் வருடம் முழுவதும் இல்லாமல் சீசனுக்கு மட்டும் கிடைக்கும் பண்ணை வேலையை முதன்மைத் தொழிலாகக் கொண்டவர். அந்த வேலைக்காக ஒரே நாளில் வீடு திரும்ப முடியாத தூரம் போகிறவர் இடம்பெயரும் தொழிலாளர். இருவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கேம்ப் உண்டு. பதினைந்து வருடம் ஒரே வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஏப்ரலில் அஸ்பாரகஸ், ஜூனில் செர்ரி, ஆகஸ்டிலிருந்து ஆப்பிள் என்று பக்கத்துத் தோட்டங்களுக்கே போகும் அம்மாவின் மகளும் தகுதியானவள்தான்.

75 நாள் மாணவருடையதாகவே இருக்கலாம். பெற்றோருடையதாகவும் இருக்கலாம். கணவன் அல்லது மனைவி, மாற்றாந்தாய், வளர்ப்புப் பெற்றோர், சட்டப்படியான காப்பாளர் ஆகியோரின் வேலையும் கணக்கில் வரும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மாணவரின் செலவைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனோ மாமாவோ இருந்தால் அவர்களையும் கேளுங்கள்.

வேலை என்பதும் அறுவடை மட்டும் என்று நினைக்க வேண்டாம். பயிர், பால், கோழி, கால்நடை, மரம் வளர்ப்பு, மீன் பண்ணை எல்லாம் அந்த விளக்கத்துக்குள் வருகின்றன. கிறிஸ்துமஸ் மரம் வெட்டப் போன நாட்களைச் சேர்த்து 75-ஐத் தொட்ட பையன் ஒருவனும் எங்களிடம் இருந்தான்.

75 நாளே இல்லாவிட்டாலும் வேறு இரண்டு வாசல்கள் உண்டு. தொழிலாளர் துறையின் தேசியப் பண்ணைத் தொழிலாளர் வேலைத் திட்டத்தில் இருந்தவர், இருக்கத் தகுதி உள்ளவர் ஒரு வாசல். பள்ளிகளில் நடக்கும் இடம்பெயர் மாணவர் கல்வித் திட்டம் மற்றொன்று. பெரிய வாசல் இந்த இரண்டாவதுதான். அந்தப் பள்ளித் திட்டத்தில் ஒரு பிள்ளை சேரும்போது மாநிலம் ஒரு தகுதிச் சான்று எழுதும். அதில் இருந்தவர் என்றாலே கேம்புக்குப் போதும். ஹெப் திட்டத்தில் அந்தப் பங்கேற்பு கடந்த 24 மாதத்துக்குள் இருக்க வேண்டும். கேம்பில் அந்த வரம்பு இல்லை. நான்காம் வகுப்பில் எழுதிய சான்றைத் தேடி எடுத்து வந்தால் அதுவும் செல்லும். மாநிலம் விட்டு மாநிலம் போன பிள்ளைகளின் பதிவுகளுக்காகவே எம்சிக்ஸ் என்ற தேசியப் பதிவேடு இருக்கிறது. பள்ளித் திட்டத்தின் ஆள்சேர்ப்பாளரைக் கேட்டால் பார்த்துச் சொல்வார்.

அப்புறம் மற்ற நிபந்தனைகள்: முதலாண்டைத் தாண்டியிருக்கக் கூடாது. கல்வித் துணையும் பண உதவியும் தேவை என்று கல்லூரி முடிவு செய்திருக்க வேண்டும். மாணவர் குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பு உரிமை உள்ளவராகவோ கூட்டாட்சி நிதியுதவிக்குத் தகுதியான மற்றொரு பிரிவினராகவோ இருக்க வேண்டும். சிறுவயதில் குடியேற்றத் தாள் இல்லாமல் வந்தவர்களைத் தற்காலிகமாக நாடுகடத்தாமல் விடும் 'டாக்கா' அனுமதியில் இருக்கும் பிள்ளைகளை கேம்பில் சேர்க்க முடியாது. ஆனால் பெற்றோரிடம் குடியேற்றத் தாள் உண்டா இல்லையா என்பது பிள்ளையின் தகுதியைத் தொடாது. இதை ஆள்சேர்ப்பின்போது குடும்பத்தின் மொழியில், சமையலறையில் உட்கார்ந்து, அமைதியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஸ்பானிஷ். சில வீடுகளில் மிஷ்டெகோ, த்ரிகி போன்ற மெக்சிகோவின் பூர்வகுடி மொழிகள். துண்டறிக்கையில் அச்சடித்துக் கொடுத்தால் அம்மாவின் பயம் போகாது.

படி 3: தேவையை உங்கள் ஊர்க் கணக்கில் காட்டுங்கள்

விண்ணப்பத்தின் முதல் பெரிய பகுதி தேவை. இங்கே நாடு தழுவிய எண்களைக் கொட்டி நிரப்புகிறவர்கள் அதிகம். தொழிலாளர் துறையின் தேசிய விவசாயத் தொழிலாளர் கணக்கெடுப்பு நல்ல ஆதாரம்தான். பயிர்த் தொழிலாளர்களின் சராசரிப் படிப்பு ஒன்பதாம் வகுப்பு என்பது அதிலிருந்து வருவது. ஆனால் பருவகாலப் பண்ணை வேலைக்கான ஹெச்-2ஏ தற்காலிக விசாவில் வரும் தொழிலாளர்களை அந்தக் கணக்கெடுப்பு சேர்ப்பதில்லை. அதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் தூக்கி வைத்தால், விஷயம் தெரிந்த மதிப்பீட்டாளர் கண்டுபிடித்துவிடுவார்.

நான் செய்வது இப்படி. விவசாயத் துறை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் விவசாயக் கணக்கெடுப்பில், 2022-ஐ எடுத்து, எங்கள் கவுன்டியில் கூலிக்கு ஆள் வைக்கும் பண்ணைகள் எத்தனை, இடம்பெயர் தொழிலாளரை வைப்பவை எத்தனை என்று பார்ப்பேன். பக்கத்துப் பள்ளி மாவட்டங்களில் இடம்பெயர் கல்வித் திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் பள்ளி முடித்தவர்கள் எத்தனை, எங்கள் கல்லூரிக்கு வந்தவர்கள் எத்தனை, இரண்டாம் பருவம் வரை தங்கியவர்கள் எத்தனை என்று வாங்குவேன். 100 பேரில் தொடங்கும் எண் கடைசியில் எத்தனையாகக் குறைகிறது என்று ஒரே பட்டியலில் காட்டினால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அந்த எண்ணைத் தரப் பள்ளிகள் நேரம் எடுக்கும். தரவுப் பகிர்வு ஒப்பந்தம் கேட்பார்கள். அறிவிப்பு வந்தபின் கேட்டால் கிடைக்காது.

படி 4: பயிர் நாள்காட்டியையும் கல்லூரி நாள்காட்டியையும் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள்

என்னைக் கேட்டால் விண்ணப்பத்தின் உயிர் இங்கேதான். சட்டம் அனுமதிக்கும் சேவைகளின் பட்டியல் நீளம்: ஆள்சேர்ப்பு, ஆலோசனை, தனிப்பயிற்சி, சேர்க்கைக்கு உதவி, மருத்துவம், விடுதி, கல்விக் கட்டணம், புத்தகம், உதவித்தொகை, போக்குவரத்து, குழந்தைப் பராமரிப்பு, பண்பாட்டு நிகழ்ச்சிகள், உள்ளகப் பயிற்சி. எல்லா விண்ணப்பத்திலும் இதே பட்டியல் இருக்கும். உங்கள் விண்ணப்பத்தைத் தனியாக நிறுத்துவது, எந்தச் சேவை எந்த வாரத்தில், ஏன் அந்த வாரத்தில் என்பதுதான்.

ஒரு பெரிய தாளில் மேலே உங்கள் ஊரின் பயிர்களை மாதவாரியாக எழுதுங்கள். கீழே கல்லூரிப் பருவங்களை எழுதுங்கள். கலிபோர்னியாவின் சலீனாஸ் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கீரை வகைகள் முடிந்ததும் நவம்பரில் வேலை மொத்தமும் அரிசோனாவின் யூமாவுக்கு நகர்ந்துவிடும். வசந்தத்தில்தான் திரும்பி வரும். முதல் பருவத் தேர்வுக்கு மூன்று நான்கு வாரம் இருக்கும்போது மாணவியின் குடும்பம் எண்ணூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப் போயிருக்கும். கலிபோர்னியாவில் அரசு நடத்தும் இடம்பெயர் குடும்பக் குடியிருப்புகள் வருடத்தில் ஏறத்தாழ ஆறு மாதம்தான் திறந்திருக்கும். தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு விடுதியை மூடினால் அந்தப் பெண் எங்கே போவாள்? 'விடுதி வசதி வழங்கப்படும்' என்று எழுதுவதற்கும், 'விடுமுறை நான்கு நாளும் அறை திறந்திருக்கும், உணவு அட்டை செல்லும், யூமாவுக்குப் பேருந்துச் சீட்டு வேண்டுமானால் தருவோம்' என்று எழுதுவதற்கும் உள்ள தூரம் மதிப்பெண்ணில் தெரியும். அந்தப் பெண்ணின் வாழ்க்கையிலும் தெரியும்.

எங்கள் பக்கம் வேறு மாதிரி. செப்டம்பர், அக்டோபரில் ஆப்பிள் உச்சம். கல்லூரி தொடங்கும் அதே வாரங்களில் வீட்டுக்கு ஒரு கை கூடுதலாகத் தேவைப்படும். சனி ஞாயிறு தோட்டத்துக்குப் போய்விட்டு, திங்கள் காலை கணித வகுப்பில் தூங்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உதவித்தொகையை மாதக் கடைசியில் கொடுத்தால் அந்த வார இறுதிகளுக்கு அது பயன்படாது. முதல் எட்டு வாரம் வாரவாரம் கொடுங்கள். அந்தப் பணம் ஒரு நாள் தோட்டக் கூலியில் எத்தனை பங்கு என்று விண்ணப்பத்தில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

ஆள்சேர்ப்பும் இதே தாளிலிருந்து வரும். அப்பா அம்மாவைப் பார்க்க வேண்டுமானால் மழைநாள், ஞாயிறு தேவாலயம் முடிந்த நேரம், அறுவடைக்கு முந்தைய மாதம். மாலை ஆறு மணிக்குக் கல்லூரி அரங்கத்தில் பெற்றோர் கூட்டம் வைத்தால் யாரும் வர மாட்டார்கள். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து அஸ்பாரகஸ் வெட்டியவர் ஆறு மணிக்குத் தூங்கப் போயிருப்பார்.

முதலாண்டு முடிந்தபின் என்ன என்பதையும் எழுத வேண்டும். கேம்ப் பணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தொடர்சேவைகளுக்குச் செலவிடக் கூடாது. ஆகவே இரண்டாம் ஆண்டில் அந்தப் பிள்ளையை யார் கையில் ஒப்படைக்கிறீர்கள் என்று பிரிவின் பெயரோடு சொல்லுங்கள். வசதி குறைந்த மாணவர்கள் படிப்பை முடிக்க உதவும் கூட்டாட்சித் திட்டமான ட்ரையோ மாணவர் துணைத் திட்டம் உங்கள் கல்லூரியில் இருந்தால் அதன் பொறுப்பாளரோடு முன்பே பேசி, இடம் ஒதுக்கச் சொல்லிக் கடிதம் வாங்குங்கள்.

படி 5: நிர்வாகத் திட்டத்தில் சட்டம் கேட்கும் ஆறும் இருக்கட்டும்

ஊழியர் பயிற்சி, பயிற்சியும் தொழில்நுட்ப உதவியும், ஊழியர் பயணம், மாணவர் பயணம், பிற அமைப்புகளோடு ஒருங்கிணைப்பு, மதிப்பீட்டுத் திட்டம். இந்த ஆறும் நிர்வாகத் திட்டத்தில் இருக்க வேண்டும் என்று 418ஏ பிரிவே சொல்கிறது. ஒன்று விட்டாலும் தெரியும். ஆறையும் துணைத்தலைப்பாகவே போட்டுவிடுங்கள், தேடுகிறவருக்குச் சிரமம் இருக்காது.

பண்ணைத் தொழிலாளர் வாழ்க்கையை அறிந்த ஊழியர்கள் வேண்டும் என்றும் சட்டம் கேட்கிறது. முன்பு கேம்பில் படித்தவர், வயல் வேலை செய்த குடும்பத்திலிருந்து வந்தவர் ஆள்சேர்ப்பாளராக இருந்தால் அதைத் தகுதியாகவே எழுதுங்கள். வேலைக்கான தகுதிப் பட்டியலில் முதுகலைப் பட்டம் கட்டாயம் என்று போட்டுவிட்டு, அப்புறம் சமூகத்தை அறிந்தவர் கிடைக்கவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

மதிப்பீட்டுக்கு அரசு பார்க்கும் எண்கள் இரண்டு. சேர்ந்தவர்களில் முதலாண்டை முடித்தவர் எத்தனை சதவீதம்? முடித்தவர்களில் படிப்பைத் தொடர்ந்தவர் எத்தனை சதவீதம்? இரண்டுக்குமான தேசிய இலக்கு அறிவிப்பில் இருக்கும். உங்கள் இலக்கை அதற்குக் கீழே வைக்காதீர்கள். 98 சதவீதம் என்று வானத்துக்கும் ஏற்றாதீர்கள். ஐந்து வருடமும் அந்த எண்ணுக்கு நீங்கள்தான் பதில் சொல்லப்போகிறீர்கள்.

படி 6: பட்ஜெட்

மானியம் ஐந்து ஆண்டுக்கு. பணம் ஆண்டுதோறும் வரும். ஒரு திட்டத்துக்கு ஆண்டுக்கு 1,80,000 டாலருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். சமீபத்திய போட்டிகளில் மேல் வரம்பு 4,75,000 டாலர். மறைமுகச் செலவாக (கட்டடம், மின்சாரம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவு) கல்லூரி எடுத்துக்கொள்ளக்கூடியது 8 சதவீதம்தான். அதையும் மொத்தத் தொகையில் போடக் கூடாது. உதவித்தொகை, கல்விக் கட்டணம் போன்றவற்றைக் கழித்த அடிப்படையில்தான் போட வேண்டும். 40, 50 சதவீத விகிதம் வாங்கிப் பழகிய ஆராய்ச்சிப் பிரிவு முதலில் முகம் சுளிக்கும். அந்தப் பேச்சைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

எத்தனை மாணவர் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் மற்றதைப் பிரியுங்கள். 4,75,000 டாலரில் 40 மாணவர் என்றால் தலைக்கு 11,875 டாலர். இது அதிகமா குறைவா என்று மதிப்பீட்டாளர் மனதுக்குள் போடும் கணக்கை நீங்களே போட்டு, அதில் எவ்வளவு நேராக மாணவர் கைக்குப் போகிறது என்று சொல்லிவிடுங்கள். என் கருத்து: ஒரு இயக்குநர், ஒரு ஆள்சேர்ப்பாளர், ஒரு ஆலோசகர் போதும். நான்காவது ஊழியரின் சம்பளத்தில் பல பிள்ளைகளுக்கு விடுதிக் கட்டணம் கட்டலாம்.

நிதியுதவி அலுவலகத்தை ஏன் முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொள்ளச் சொன்னேன் என்பதற்கு ஒரு சம்பவம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், மாணவர்களுக்கு, வருமானம் குறைந்தவர்களுக்குக் கூட்டாட்சி அரசு தரும் பெல் கிராண்டும் மாநில உதவியும் ஒதுக்கி முடித்தபின் கேம்ப் உதவித்தொகையைச் சேர்த்தார்கள். கேம்ப் பணமும் நிதியுதவிக் கணக்கில்தான் வரும். மொத்தம் படிப்புச் செலவு வரம்பைத் தாண்டியதால் வேறு உதவி வெட்டப்பட்டது. ஒரு பையனுக்கு அக்டோபர் நடுவில் கல்லூரிக்கு 900 டாலர் கட்ட வேண்டும் என்று கடிதம் போனது. அவன் யாரிடமும் கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஆப்பிள் பறிக்கப் போய்விட்டான். இரண்டு வாரம் கழித்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. கேம்ப் தொகையை முதல் ஒதுக்கீட்டிலேயே சேர்த்துவிட்டால் இது நடக்காது. பெல் அதிகபட்சம் 7,395 டாலர் என்று வைத்து, மாநில உதவி, கேம்ப், மிச்சம் எவ்வளவு என்று ஒரு மாதிரி மாணவரின் கணக்கை விண்ணப்பத்திலேயே போட்டுக் காட்டுங்கள். கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் போகும் பணத்துக்கு வருமான வரி இல்லை. சாப்பாடு, வாடகைக்குப் போவதற்கு உண்டு. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

கூட்டாட்சி நிதியுதவி கேட்க மாணவர் நிரப்பும் ஃபாஃப்சா படிவத்தில் பெற்றோர் கையெழுத்து இன்னொரு முட்டுக்கட்டை. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரும் இப்போது இணையத்தில் தனிக் கணக்குத் தொடங்கிக் கையெழுத்துப் போடலாம். ஆனால் அடையாளத்தைச் சரிபார்க்க நேரம் எடுக்கலாம். வெளியில் பேருந்தில் அழைத்துப்போகும் செலவுக்கு பட்ஜெட் போடுவதுபோல, வசந்தகாலத்தில் நான்கு சனிக்கிழமை ஃபாஃப்சா உதவி முகாமுக்கும் போடுங்கள்.

படி 7: பதிவேற்றம்

கூட்டாட்சிப் பணம் பெறும் அமைப்புகள் பதிவு செய்யும் சாம் டாட் கவ் தளத்தில் உள்ள பதிவு வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியது. அது காலாவதி ஆகியிருந்தால் எதுவும் நகராது, இன்றைக்கே பாருங்கள். விண்ணப்பத்தை ஏற்றும் தளமான கிராண்ட்ஸ் டாட் கவ்-இல் உங்கள் கல்லூரி சார்பில் சமர்ப்பிக்க அதிகாரம் பெற்றவர் யார், அந்த வாரம் அவர் விடுப்பில் இல்லையே என்று உறுதி செய்யுங்கள். எஸ்.எஃப். 424 முகப்புப் படிவம், இ.டி. 524 பட்ஜெட் படிவம், சுருக்கம், திட்ட விளக்கம், பட்ஜெட் விளக்கம், இணைப்புகள். எல்லாம் பி.டி.எஃப்.-ஆக. இரட்டை வரி இடைவெளி, 12 புள்ளி எழுத்து, ஒரு அங்குல ஓரம். கெடு கிழக்கு நேரப்படி இரவு 11:59:59. மேற்குக் கரையில் இருப்பவருக்கு அது இரவு ஒன்பது மணி. இரண்டு நாள் முன்பே ஏற்றிவிடுங்கள்.

ஏற்றுமுன் ஒரு வேலை. வயல் குடும்பத்திலிருந்து வந்து இப்போது உங்கள் கல்லூரியில் படிக்கும் ஒருவரிடம் திட்ட விளக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், அவருடைய நேரத்துக்குப் பணம் கொடுத்து. "இந்த மாதத்தில் யாரும் ஊரில் இருக்க மாட்டார்களே" என்று அவர் சொல்லும் ஒரு வரி, வெளியிலிருந்து வரும் ஆலோசகரின் பத்துப் பக்கத்துக்கு மேல்.

படி 8: முடிவு வந்தபின்

வெளி மதிப்பீட்டாளர்கள் தேவை, வடிவமைப்பு, சேவைகள், ஊழியர், வளங்கள், நிர்வாகம், மதிப்பீடு என்று பிரித்து 100-க்கு மதிப்பெண் போடுவார்கள். முடியப்போகும் கேம்ப் திட்டத்தை நடத்துகிறவர்களுக்கு முன் அனுபவத்துக்காக 15 வரை கூடுதலாகக் கிடைக்கலாம். புதிதாகக் கேட்கிறவர்கள் இதைப் பார்த்துச் சோர்ந்துவிடுகிறார்கள். சோர வேண்டாம், ஆனால் 100-ல் சிந்தக்கூடிய இடம் உங்களுக்குக் குறைவு என்று தெரிந்து எழுதுங்கள்.

கிடைக்காவிட்டால் மதிப்பீட்டாளர்களின் கருத்துத் தாள்களைக் கேட்டு வாங்குங்கள். மூன்று பேரும் ஒரே இடத்தில் மதிப்பெண் குறைத்திருந்தால் அங்கே பிழை உங்களுடையது. ஒருவர் மட்டும் குறைத்திருந்தால் அந்த இடத்தைத் தெளிவாக எழுதினால் போதும். அதற்கிடையில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். விடுமுறையில் விடுதியைத் திறந்து வைப்பது, கூலி வார இறுதிகளுக்கு அவசர நிதி, இரண்டாம் பருவம் வரை ஒரே ஆலோசகர். இந்த மூன்றையும் கல்லூரியின் சொந்த அறக்கட்டளைப் பணத்தில் பத்துப் பிள்ளைகளுக்குச் செய்து பார்க்கலாம். அடுத்த விண்ணப்பத்தில் சொந்த எண் இருக்கும். டாக்கா அனுமதியில் இருக்கும் பிள்ளைகளையும் அந்தப் பத்துக்குள் சேர்க்கலாம், அது உங்கள் பணம்.

கிடைத்துவிட்டால், கடிதம் வந்த அன்றே பள்ளித் திட்டத்தின் ஆள்சேர்ப்பாளரைக் கூப்பிடுங்கள். மானியம் கோடையில் தொடங்கினால் வகுப்பு ஆரம்பிக்க சில வாரம்தான் இருக்கும். 40 பேரையும் அதற்குள் கண்டுபிடித்து, ஒவ்வொருவருக்கும் 75 நாளோ பழைய தகுதிச் சான்றோ கோப்பில் வைத்தாக வேண்டும். அலுவலகத்தில் ஒரு நீள மேசை, சுவரில் கடந்த 24 மாத நாள்காட்டி, ஒரு நகலெடுக்கும் இயந்திரம். அசல் சம்பளச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நகல் எடுத்துவிட்டு, அதே பையில், வந்த வரிசையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் அந்தச் சீட்டுக்கு வேறு தேவைகளும் இருக்கும்.